வேலைக்காரி நல்லவளாக இருக்க வேண்டுமா?

“வேலைக்காரி என்றா சொல்கிறீர்கள்? சேச்சே! அவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி!”

இப்படிச் சொல்லாத எஜமானி இல்லை. இதைக் கேட்டுப் பழகாத காதும் இல்லை. சொல்பவர் கொடியவர் அல்லர். பெருந்தன்மையோடுதான் சொல்கிறார். ஆனால், தோழர்களே, அந்தக் கடைசிச் சொல்லைச் சற்றே நிறுத்திக் கேளுங்கள். மாதிரி! வீட்டுப் பெண்ணுக்குத் தனி அறை; மாதிரிக்குச் சமையற்கட்டின் மூலை. வீட்டுப் பெண்ணுக்குத் தீபாவளிக்குப் புதுச்சேலை. மாதிரிக்கு, வீட்டுப் பெண் கட்டி அலுத்த சேலை. வீட்டுப் பெண்ணுக்குச் சொத்திலே பங்கு, 1989-இல் தமிழ்நாட்டில் சட்டமே எடுத்துக் கொடுத்த பங்கு. மாதிரிக்குப் பங்கில்லையா? உண்டு! மோதிரம் ஒன்று காணாமற்போகட்டும், சந்தேகத்திலே முதற்பங்கு அவளுக்குத்தான்!

இந்தச் சொல்லின் உள்ளே ஓர் அறக்கேள்வி ஒளிந்து கிடக்கிறது என்பதை எனக்குக் காட்டியது, அண்மையில் ஓசூரில் கழிந்த ஒரு மாலைப்பொழுது.

ஓசூர் இன்று பழைய எல்லைப்புறச் சிற்றூர் அல்ல. சிப்காட் வந்தது, லேலண்டும், டி.வி.எஸ்-ஸும், டைட்டனும் வந்தன. 2019-இல் மாநகராட்சியும் ஆயிற்று. ராகி விளைந்த மேட்டிலே ரோஜா விளைந்தது. ரோஜா விளைந்த மேட்டிலே அடுக்குமாடி விளைகிறது! தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடைப் பலகையில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும் ஊர் அது. அங்கே இளம் பொறியாளர் ஒருவர் எனக்கு நண்பர். கூடத்திலே பெரியார் படம் மாட்டியிருப்பவர். புத்தகம் வாங்கினால் படித்தும் முடிப்பவர். அவர் வீட்டில் நாங்கள் ஐந்து பேர் கூடி, கொரிய நாட்டுப் பழைய திரைப்படம் ஒன்றைப் பார்த்தோம். 1960-இல் கிம் கி-யங் எடுத்த படம். கொரிய மொழியில் அதன் பெயர் ‘ஹன்யோ’. தமிழில் சொன்னால், வேலைக்காரி!

பெயரைக் கேட்டதும் நமக்கு உடல் சிலிர்க்காதா? நமக்கும் ஒரு ‘வேலைக்காரி’ உண்டே! அண்ணா எழுதி, மேடையில் நாடகமாக முழங்கி, 1949-இல் ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கத்தில் ஜூபிடர் படமாக வெளிவந்து, கே.ஆர்.இராமசாமியின் குரலிலே ஊர் ஊராக அனல் மூட்டிய ‘வேலைக்காரி’! பதினோரு ஆண்டு இடைவெளியில், கடல் கடந்த இரு நாடுகளில், ஒரே பெயரில் இரண்டு படங்கள். ஆனால் ஒன்றிலே வேலைக்காரி விளக்கு. மற்றொன்றிலே வேலைக்காரி தீ.

கொரியப் படத்தின் கதையைச் சொல்கிறேன். பெண்கள் வேலை செய்யும் ஆலை ஒன்றிலே இசை கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர். மனைவி, பிள்ளைகள். இரண்டு மாடி வீடு கட்டுகிறார்கள். மாடி என்றால் சும்மாவா? மனைவி இரவும் பகலும் தையல் இயந்திரத்திலே குனிந்து குனிந்து உடம்பைத் தேய்க்கிறாள். அவள் தளர்ந்ததும், ஆலையிலிருந்தே ஒருத்தி வேலைக்காரியாக வந்து சேருகிறாள். மனைவி ஊருக்குப் போன ஓர் இரவில் ஆசிரியருக்கும் அவளுக்கும் உறவு நேர்கிறது. அவள் சூலுறுகிறாள். செய்தி மனைவிக்குத் தெரிகிறது. என்ன செய்கிறாள் அந்தக் குடும்பத் தலைவி? படிக்கட்டிலிருந்து விழுந்து கருவைக் கலைத்துக்கொள் என்று வேலைக்காரியை இணங்கவைக்கிறாள். அவளும் விழுகிறாள். அதன் பிறகு அந்த வீட்டில் அமைதி ஏது? எலிப் பாஷாணம் அலமாரியில் இருந்து கைக்கு, கையிலிருந்து கோப்பைக்கு நகர்கிறது. பிள்ளை சாகிறான். ஆலைக்குச் செய்தி போனால் வேலை போகும், வேலை போனால் மாடி போகும் என்று அஞ்சி, மனைவியே கணவனை வேலைக்காரியின் அறைக்கு விட்டுக்கொடுக்கிறாள். கடைசியிலே நஞ்சு இருவரையும் கொண்டுபோகிறது.

படம் முடிந்தபின் இன்னொன்றும் உண்டு. செத்தவர் எழுந்து வருவது போல் ஆசிரியர் நம்மை நோக்கித் திரும்பி, இதெல்லாம் எந்த ஆணுக்கும் நேரக்கூடியதுதான் என்று சிரித்தபடி எச்சரிக்கிறார்.

எச்சரிக்கை ஆணுக்காம்! கருவிழந்தவள் யார்? உயிரிழந்தவள் யார்? அவளை எச்சரிக்க ஓர் ஆள் இல்லை. ஆண்மகன் மயங்கினால் குற்றம் மயக்கியவளுடையது என்ற இந்த நீதி கொரியச் சரக்கு மட்டுமா? நம் புராணப் பண்டசாலையில் மூட்டை மூட்டையாக இருக்கிறதே! விசுவாமித்திரன் தவம் கலைந்தது, பழி மேனகைக்கு. அந்த மேனகை யார்? இந்திரன் வீட்டு ஏவலாள்! எஜமானன் போ என்றான், போனாள். அவள் விருப்பத்தை இந்திரனும் கேட்கவில்லை, முனிவனும் கேட்கவில்லை, கதை சொன்ன பாகவதரும் கேட்கவில்லை.

அன்று மாலை நாங்கள் ஐவரும் கூடத்து நாற்காலிகளில் சாய்ந்திருந்தோம். பாத்திரம் துலக்கி முடித்த பணிப்பெண், சமையற்கட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றபடி பாதிப் படத்தைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஊர். வீட்டிலே தெலுங்கு, வெளியிலே தமிழ். நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது. உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பெரியார் படத்துக்குக் கீழே அமர்ந்திருந்த நானும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றியதே, வீடு திரும்பிய பிறகுதான். படத்தின் அடியிலே ஓடிய ஆங்கில எழுத்து அவருக்குப் படிக்க வராது, கதை புரிந்துவிட்டது. நாங்கள் ஐவரும் வர்க்கம், வேட்கை, முதலாளியம் என்று வாய் வலிக்கப் பேசி ஓய்ந்தபோது, அவர் கேட்டார்:

“ஏன் சார், அந்தப் பொண்ணுக்குத் திரும்பிப் போக ஊரு இல்லையா?”

எங்கள் பேச்சு அத்தனையும் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் சப்பென்று போயிற்று. ஏனென்றால் அறத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. போய்விட முடிகிறவள் ‘சரி’ என்றால் அது சம்மதம். போக முடியாதவள் ‘சரி’ என்றால்? படுக்கும் பாய் எஜமானன் வீட்டில். உண்ணும் சோறு எஜமானி கையில். மாதக் கூலி அவர்கள் பெட்டியில். அடுத்த வேலைக்கு நற்சொல் அவர்கள் நாவில். இந்த நான்கையும் ஒருவன் கையிலே பிடித்துக்கொண்டு ‘அவளும் விரும்பினாள்’ என்று சொல்வது, கூண்டைப் பூட்டிவிட்டுக் கிளி பறக்க விரும்பவில்லை என்று சொல்வதல்லவா?

‘அப்படியானால் வேலைக்காரிக்கு ஆசையே கிடையாதா? அவள் கல்லா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதிலேதான் நம் பக்கத்துப் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாம் ஏழைப்பெண்ணை எழுதும்போதெல்லாம் அவளை மாசற்ற மணியாகவே எழுதினோம். வேதாசல முதலியார் வீட்டு வேலைக்காரி அமிர்தம் எப்படிப்பட்டவள்? அடக்கம், அன்பு, கண்ணீர். முதலியார் மகன் மூர்த்தி அவளை விரும்புகிறான். இடர் பல கடந்து, முடிவிலே மணக்கிறான். அந்த நாளில் அது பேரிடி! பணக்காரன் மகன் வேலைக்காரியை மணப்பதா என்று பழைமை பல்லைக் கடித்தது. அந்த இடியின் அருமையை நான் குறைக்கவில்லை. அந்த முழக்கத்தைக் கேட்டு நிமிர்ந்த முதுகுகள் எத்தனையோ. எனினும் இன்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. மூர்த்திக்கும் அமிர்தத்துக்கும் மணமான மறுநாட்காலை, அந்த வீட்டில் பாத்திரம் துலக்கியவர் யார்?

வேறொரு வேலைக்காரிதானே! அவள் பெயர் நமக்குத் தெரியாது. அவளை எந்தச் சீமான் மகனும் காதலிக்கவில்லை. அவள் அழகியல்லள் போலும். கண்ணீர் வடிக்காதவள் போலும். கொஞ்சம் வாயாடியாகவும், கைக்குக் கிடைத்த சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்பவளாகவும் இருக்கலாம். அவளுக்கு என்ன நியாயம்?

கொரியப் படத்து வேலைக்காரி இந்த இரண்டாமவள். புகை பிடிக்கிறாள், ஒளிந்து பார்க்கிறாள், ஆசைப்படுகிறாள், பழி வாங்குகிறாள். அவளை நேசிப்பது கடினம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘இவள் இந்த வீட்டைவிட்டுத் தொலைந்தால் போதும்’ என்று நம் மனமும் எஜமானி பக்கம் சாய்ந்துவிடுகிறது. அங்கேதான் நம்மை உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும். நல்லவளாக இருந்தால்தான் நியாயமா? ஆலையிலே கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவன் வீட்டிலே குடிக்கிறானா, பொய் சொல்கிறானா என்று பார்த்தா மிகைநேர ஊதியம் கொடுக்கிறோம்? எட்டு மணிக்கு மேல் உழைத்தான், எண்ணிக் கொடு என்கிறோம். வீட்டு வேலைக்காரிக்கு மட்டும் கூலியோடு நடத்தைச் சான்றிதழும் கட்டிவைத்திருக்கிறோமே, ஏன்? அவள் நன்றியுள்ளவளாக, வாய்பேசாதவளாக, கற்பின் கனலாக இருக்கவேண்டும். அப்படியெல்லாம் இருந்தால் ‘வீட்டுப் பெண் மாதிரி’ என்ற பட்டம்! ஒரு நாள் தவறினால் பட்டமும் போயிற்று, பாத்திரமும் போயிற்று.

2010-இல் இம் சங்-சூ அதே கதையை மீண்டும் எடுத்தார். ஐம்பது ஆண்டில் கொரியா ஏழை நாடு என்ற பெயரைக் கழற்றி எறிந்து பணக்கார நாடாகிவிட்டது. படத்திலும் வீடு மாறிவிட்டது. கடன்பட்டு மாடி கட்டிய இசையாசிரியர் போய், மதுக்கிண்ணமும் பியானோவுமாகத் திளைக்கும் கோடீசுவரன் வந்துவிட்டான். இவனுக்கு அச்சமே இல்லை. வேலைக்காரியின் அறைக்கு வந்துபோனபின் காசோலை நீட்டுகிறான்! இந்தப் படத்து வேலைக்காரி நல்லவள், வெள்ளை மனத்தவள், அந்த வீட்டுக் குழந்தையை உயிராக நேசிப்பவள். அவள் முடிவும் நன்றாக இல்லை. கருவை நஞ்சிட்டு அழிக்கிறார்கள். அவள் அந்தக் குடும்பத்தின் கண்முன்னே தூக்கிட்டுத் தீயிலே எரிகிறாள். கெட்டவளாக இருந்தவளும் செத்தாள். நல்லவளாக இருந்தவளும் செத்தாள். ஆக, குணத்திலே இல்லை கோளாறு.

எதிலே இருக்கிறது? ஓசூருக்கே திரும்புவோம்.

நிலைப்படியில் நின்ற அந்த அம்மைக்குத் தங்கை ஒருத்தி உண்டு. ஒரே தாய் வயிறு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே வறுமை. தங்கை வயதிலே பன்னிரண்டு ஆண்டு இளையவர். அதற்குள் காலம் மாறிக்கொண்டது. ஓசூரைச் சுற்றிய மின்னணு ஆலைகள் பெண்களை ஆயிரக்கணக்கில் எடுக்கத் தொடங்கின; போச்சம்பள்ளி அருகே மின் ஸ்கூட்டர் ஆலை ஒன்று பெண்களைக் கொண்டே இயங்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. தங்கைக்கு ஓர் ஆலையில் இடம் கிடைத்தது. “அவளுக்குக் கம்பெனி, எனக்கு வீடு” என்றார் அக்கா. எவ்வளவு சுருக்கமான பொருளாதாரம்!

தங்கை கழுத்திலே அடையாள அட்டை. நுழையும் நேரம் பதிவாகிறது. வெளிவரும் நேரமும் பதிவாகிறது. வருங்கால வைப்புநிதி உண்டு, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு, வார விடுமுறை உண்டு. ஆலை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தக் கூலி என்னும் புதுக்கயிறு அங்கே எத்தனை கழுத்தை இறுக்குகிறது என்பதைத் தனியே எழுதவேண்டும். ஆனால் மேற்பார்வையாளர் கடுகடுத்தால் தங்கை அவரை வெறுக்கலாம். வெறுத்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம். அவர் தங்கையிடம் அன்பை எதிர்பார்ப்பதில்லை. தங்கையும் அவரிடம் கருணையை எதிர்பார்ப்பதில்லை. எவ்வளவு ஆரோக்கியமான உறவு!

அக்காவுக்கு எதிர்ப்பக்கம். மூன்றாண்டு காலம் அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளில் வேலை பார்த்தாராம். வாயிலிலே காவலர் பையைத் திறந்து பார்ப்பார், போகும்போதும் வரும்போதும். மேலே ஏறத் தனி மின்தூக்கி. குப்பைத்தொட்டியும், நாயும், வேலையாட்களும் போகிற தூக்கி. தனிக்குவளையை ஒழித்துவிட்டோம் என்று மார் தட்டிய நாம், குவளை பெருத்து ஓர் ஆள் நிற்கும் பெட்டியாகிப் பத்து மாடி ஏறி இறங்குவதைப் பார்க்கவில்லை! அந்த வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை என்றும் சொன்னார். பிறந்தநாள் கேக்கில் துண்டு உண்டு. கொரோனா வந்த 2020-இல், ‘நாங்களே கூப்பிடுகிறோம்’ என்று ஒரு தொலைபேசிச் சொல்லோடு மூன்று வீடும் நின்றுபோயிற்று. கூப்பிடவில்லை. வீட்டுப் பெண்ணை அப்படி நிறுத்துவார்களா? மாதிரியை நிறுத்தலாம்.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, துண்டு துண்டாக. கர்நாடகம் 2004-இலேயே வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் 2007-இல் வந்தது. குறைந்தபட்சக் கூலி 2018-இல் வந்தது. எல்லையின் இப்புறம் உறங்கி அப்புறம் உழைக்கிறவருக்குக் குடும்ப அட்டை ஓர் அரசுடையது, கூலி அறிவிப்பு வேறோர் அரசுடையது. உலகத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டு வேலைத் தொழிலாளர்க்கென 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஏற்புறுதிக் கையொப்பம் மட்டும் இன்னும் போடவில்லை. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றமே, இவர்களுக்கொரு சட்டம் வேண்டாமா, குழு அமைத்து ஆராயுங்கள் என்று நடுவண் அரசுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. கொரியாவும் இதிலே பெருமை பேச இடமில்லை. அங்கேயும் தொழிலாளர் தரநிலைச் சட்டம் வீட்டு வேலையாட்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 2021-இல்தான் தனிச்சட்டம் இயற்றினார்கள், அதுவும் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாக வேலைக்கு வருவோர்க்கு மட்டும்.

வேட்கையைப் பற்றியும் சட்டம் பேசியிருக்கிறது. பணியிடத்துப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வீடும் பணியிடமே என்று எழுதியிருக்கிறது. வீட்டுப் பணிப்பெண் மாவட்டத்து உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் முறையிடலாம். முகாந்திரம் இருந்தால் குழு ஏழு நாளுக்குள் காவல்துறைக்கு அனுப்பவேண்டும். அருமையான ஏற்பாடு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்தக் குழு எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது என்று நாங்கள் ஐவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். ஐவரும் பட்டதாரிகள். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஓசூருக்கு அருகேதான் தொரப்பள்ளி. இராசகோபாலாச்சாரியார் பிறந்த ஊர். 1953-இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம், பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நாள் தகப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். கைவிட்டது அரசு. அடுக்களை கைவிட்டதா? பள்ளி விடுமுறை நாளிலே தாய்க்கு உதவியாக வருகிறாளே பத்து வயதுச் சிறுமி, வாளியைத் தூக்குகிறாளே, அவளைப் பார்த்து ‘சமர்த்து, இப்பவே கத்துக்கிட்டா’ என்று எஜமானி மெச்சுகிறாரே, அது எந்தத் திட்டம்? பதினான்கு வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கு வைப்பதை 2006 அக்டோபரிலேயே தடை செய்தாயிற்று. ஆனால் இவள் வேலைக்கு வரவில்லையாம், அம்மாவோடு வந்தாளாம்!

“ஒப்பந்தம், நேரக்கணக்கு, விடுமுறைப் பட்டியல், இதெல்லாம் வந்தால் வீடு வீடாக இருக்குமா? அன்பு செத்துப்போகாதா?” என்று நண்பரின் தாயார் கேட்டார். நல்ல மனம் படைத்தவர். பணிப்பெண்ணின் மகள் படிப்புக்குப் பணம் கொடுத்தவர். அவரிடம் நான் சொன்னது இதுதான்: “அம்மா, நீங்கள் கொடுத்தது அன்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது உங்களுக்கு மனமிருக்கும் வரை. நாளைக்கு உங்களுக்குக் கோபம் வந்தால்? மனமில்லாத நாளிலும் கிடைக்கிறதே, அதற்குத்தான் உரிமை என்று பெயர். அந்த உரிமை கைக்கு வந்தபிறகு அவர் உங்களிடம் சிரித்தால், அந்தச் சிரிப்பு உண்மை.” தாயார் பதில் சொல்லவில்லை. என் பேச்சு பிடிக்கவில்லை என்பது காப்பி ஆறிப்போய் வந்ததிலே தெரிந்தது.

நண்பர் அன்றிரவே ஒரு தாளை எடுத்தார். நாளுக்கு எத்தனை மணி, மாதம் எவ்வளவு, ஊதியத்தோடு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, நோயுற்றால் என்ன, நிறுத்துவதென்றால் ஒரு மாத முன்னறிவிப்பு. எழுதிப் படித்துக் காட்டினார். இரண்டு பிரதி. அந்த அம்மை நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லவில்லை. அது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு கேட்டார்: “அப்ப ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன் சார். நிசமாவே வரமாட்டேன். பரவாயில்லையா?”

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ஊருக்குப் பேருந்து ஏறுமுன் நண்பரைப் பார்க்கப் போனேன். தாயார் கூடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நண்பர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியடியில் நின்றார். சனிக்கிழமை இரவுப் பாத்திரமும் ஞாயிறு காலைப் பாத்திரமும் குவிந்து கிடந்தன. வாணலியின் அடிக்கரியோடு அரைமணி நேரமாகப் போராடுவதாகச் சொன்னார். நான் சட்டைக் கையைச் சுருட்டினேன்.